செத்துப்போக வேண்டிய நோட்டு

பெரியண்ணனுக்கு அந்த வருஷம் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, பேங்கர் பரீட்சையில் பாஸாகி, குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்திருப்பது. இன்னொன்று, தாய்மாமன் மலையாண்டியின் மகள் செவந்தியைக் கட்டிக்கொள்வது. முதல் ஆசைக்குத்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு அவன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட வேண்டியதில்லை. முறைப்பெண். இரண்டு வீட்டிலும் பேசி வைத்த மாதிரிதான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் தானாக நடந்துவிடும். அந்தச் சும்மா இருப்பதுதான் அவனால் முடியாமல் போனது.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் ஒரு டிவிஷனாகி, ஜனங்கள் அதற்குப் பழகியும் விட்டார்கள். கீழராஜ வீதியில் இருந்த ஒரு சின்னத் தனியார் பேங்கில் பெரியண்ணன் குமாஸ்தா. புது நயா பைசாவுக்கும் பழைய அணாவுக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் கவுண்டரில் தினமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைகளைத் தீர்த்துவிட்டு, சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் இருந்த வாடகை அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறப்பான். உடன் இருந்தவன் மரியசெல்வம், ஆவூர்க்காரன், அதே பேங்கில் அதே வேலை. பேங்கிங் சட்டமும் நடைமுறையும் என்கிற அந்தத் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியிருந்தார்கள். மரியசெல்வம் தன் பாதியைப் பெரும்பாலும் தலைக்கு வைத்துத் தூங்கினான்.

பெரியண்ணன் படித்தான். செக் என்றால் என்ன, அடமானம் எத்தனை வகை, ஜாமீன் போட்டவன் எப்போது தப்பிக்கலாம், புரோநோட்டுக்கு எத்தனை வருஷம் ஆயுசு என்று எல்லாம் படித்தான். படித்தது வயிற்றில் தங்காமல் வாய்வழியாக வந்துகொண்டே இருந்தது. கோயில் வாசல் டீக்கடையில், "ஒங்க பாக்கிக்கெல்லாம் மூணு வருசந்தாங்க கெடு. அதுக்குப் பெறகு கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது" என்று கடைக்காரருக்கே சட்டம் சொல்லி, மறுநாளில் இருந்து கைக்காசு வைத்தால்தான் டீ என்று ஆகிவிட்டது.

இப்படி இருக்கையில் பேங்கில் ஒரு சம்பவம். வெல்ல மண்டிக்காரர் ஒருவர் கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டு கெடு தாண்டப் போவதை எல்லாரும் மறந்திருந்தார்கள். பெரியண்ணன் கண்ணில் பட்டது. பிராஞ்சை நடத்துகிற ஏஜெண்டிடம் ஓடினான். ஏஜெண்ட் ஆளனுப்பி மண்டிக்காரரை வரவழைத்து, கடன் நிற்பது உண்மை என்று நோட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக் கையெழுத்தும் வாங்கினார். நோட்டுக்குப் புது ஆயுசு கிடைத்தது. "இந்த பிராஞ்சுல கண்ணு தெரியிறவன் இவன் ஒருத்தன்தான்யா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெரியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டிலேயே அவனுக்கு ஆத்தாளின் பெட்டியில் கிடந்த இன்னொரு நோட்டு ஞாபகம் வந்தது.

அவனுடைய ஆத்தா கண்ணாத்தாள் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். புருஷன் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டுச் செத்துப்போனவர். அந்தப் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாயை அண்ணன் மலையாண்டிக்குக் கிணறு வெட்டக் கொடுத்திருந்தாள். தங்கச்சிதானே என்று அவர் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. "செத்துப்போன மனுசன் சம்பாத்தியம். எழுதாம தொட மாட்டேன்" என்று ஸ்டாம்பு ஒட்டி நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினார். கிணற்றில் பாறை வந்தது. பாறைக்குக் கீழே இன்னொரு பாறை வந்தது. ஊறுகிற தண்ணீர் ஒரு வயலுக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. அந்த வயல் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. வட்டி கொடுக்கக்கூட அவர் கையில் மிஞ்சவில்லை. வருகிற தை மாசத்தோடு நோட்டுக்கு மூன்று வருஷம்.

நோட்டு மூணு வருஷத்தில் செத்துப்போகும் என்பது அந்தச் சீமையில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் புத்தகம் வாங்கவில்லை. கொடுத்தவன் அந்நியன் என்றால் மூணாம் வருஷம் முடியுமுன்னே வாசலில் வந்து நிற்பான். மாமன் மச்சான், அண்ணன் தங்கச்சி என்றால் கதை வேறு. கொடுத்தவர் அந்த மாசம் முழுக்க வாங்கினவர் ஊர்ப்பக்கமே போகமாட்டார். வாங்கினவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். கெடு தாண்டியதும் ஏதாவது காதுகுத்தில் பார்த்துக்கொண்டு, பழையபடி சிரித்துப் பேசுவார்கள். விட்டுக்கொடுத்தேன் என்று ஒருத்தர் சொல்ல வேண்டாம். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன் என்று இன்னொருத்தர் நிற்கவும் வேண்டாம். நோட்டு தன்னால் செத்தது, அவ்வளவுதான். பெரியண்ணன் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான். படிக்கப் படிக்க, தெரிந்திருந்தது மறந்து போயிற்று.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது கேட்டான். கண்ணாத்தாள் முற்றத்தில் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, மாமா எழுதிக் குடுத்த நோட்டு எங்க?"

"பெட்டியில கெடக்கும். ஒனக்கு எதுக்கு?"

"தையோட மூணு வருசம் முடியுது."

"முடியட்டும்."

"முடிஞ்சா செல்லாது ஆத்தா."

"செல்லாட்டிப் போகுது." அவள் முறத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வைகாசியில ஒங்க மாமன் வீட்டுக்குத் தட்டுத் தூக்கிக்கிட்டுப் போகணும். அந்த வேலையப் பாரு."

இதற்கு மேல் ஒருத்தி எப்படிச் சொல்லுவாள்? பெரியண்ணனுக்கு அது ஏறவில்லை. பாவம், ஆத்தாளுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டான். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அறையில் மரியசெல்வம் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இது பேங்க் நோட்டு இல்லப்பா, வீட்டு நோட்டு. இதுல போயி நீ சட்டம் பாக்காத."

"சட்டத்துக்கு ஏது மாமன் மச்சான்?"

"சட்டத்துக்கு இல்ல. ஒனக்கு உண்டுல்ல?"

பரீட்சைக்குப் படிக்காமல் தூங்குகிறவனிடம் என்ன பேச்சு என்று பெரியண்ணன் நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமன் ஊருக்குப் போனான். மலையாண்டி கிணற்றடியில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் மாடுகளை நிறுத்திவிட்டு வந்தார். மேல் துண்டால் ஒரு கல்லைத் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னார். பெரியண்ணன் உட்காரவில்லை. பேங்கில் ஏஜெண்ட் பேசுகிற தோரணையில், கெடு முடியப் போகிறது, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லது, வெறும் சம்பிரதாயம்தான் என்று ஆரம்பித்தான். நோட்டின் பின்பக்கம் வாசகத்தை அழகாக எழுதியே கொண்டுவந்திருந்தான்.

மலையாண்டி நோட்டை வாங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்காத்தா சொல்லி விட்டுச்சா?"

இல்லை என்று சொன்னால், அப்புறம் நீ எதற்கு வந்தாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வது சங்கடம். ஆமாம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பெரியண்ணன் சுலபமானதைச் சொன்னான்.

"ஆமாங்க மாமா."

அவர் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதினார். தேதியும் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் செவந்தி மோர்ச் செம்போடு வந்தாள்.

"பரீச்ச பாஸானா ஒங்கள எங்கிட்டு மாத்துவாக மச்சான்?"

"எங்கிட்டு வேணும்னாலும் மாத்துவாக. மெட்ராஸுக்குக்கூட."

"அம்புட்டுத் தூரமா?" என்று சொல்லிவிட்டு, அம்புட்டுத் தூரத்தை நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள். பெரியண்ணன் திரும்பி நடக்கையில், ஒரே நாளில் ஆத்தாளின் பணத்தையும் காப்பாற்றி மாமன் மகளையும் பார்த்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தான். நோட்டைப் பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்தான். ஆத்தாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சித்திரையில் திருச்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். கெடு தாண்டப்போகிற கடனுக்கு எப்படி உயிர் கொடுப்பது என்று ஒரு கேள்வி வந்திருந்தது. அதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினான். அப்படி ஒரு கேள்வி வந்ததே தனக்காகத்தான் என்று தோன்றியது.

திருச்சியில் இருந்து வந்து சில நாட்கள்தான் இருக்கும். மலையாண்டி பேங்குக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. பெரியண்ணன் எழுந்து கவுண்டருக்கு வந்தான்.

"நோட்டுக்கு வட்டியும் மொதலுமா என்ன ஆச்சுன்னு கணக்குப் பாத்துச் சொல்லு மாப்ளே."

"இப்ப என்னங்க மாமா அவசரம்?"

"ஒனக்குக் கையெழுத்துக்கு இருந்த அவசரந்தான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கமலை மாட்டு ஜோடியை மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டதாகச் சொன்னார். கிணற்றில் தண்ணீரே இல்லாதபோது மாடு எதற்கு என்றார். பெரியண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னான். அவர் மடியை அவிழ்த்தார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்ட மாதிரி நிறுத்தினார்.

"நானே போயி ஒங்காத்தா கையில குடுத்துட்டு, நோட்ட வாங்கிக்கிறனே. தங்கச்சியப் பாத்தும் நாளாச்சு."

பெரியண்ணன் அவசரமாக யோசித்தான். அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் உட்கார்ந்தால், நான் எப்போது ஆள் அனுப்பினேன் என்று ஆத்தா கேட்பாள். எல்லாம் வெளியே வந்துவிடும்.

"வேணாங்க மாமா. ஒங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல். எங்கிட்டயே குடுங்க, நோட்ட நான் கொண்டாந்து தர்றேன்."

மலையாண்டி கவுண்டர்க் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சற்று நேரம் நின்றார். "சரி, நீயே குடுத்துரு" என்று பணத்தை எண்ணி வைத்தார். ஒரு வாரம் கழித்து வந்து, பைசல் என்று எழுதிய நோட்டை வாங்கிக்கொண்டு போனார். டீ குடிக்கக் கூப்பிட்டும் நிற்கவில்லை.

இடையில் அந்த வாரத்திலேயே பெரியண்ணன் பணத்தைக் கொண்டுபோய் ஆத்தாளிடம் கொடுத்தபோது, அவள் அதைத் தொடவே இல்லை.

"யாரு கேட்டா அவனை?"

"யாரும் கேக்கல ஆத்தா. அவராத்தான் கொண்டாந்தாரு."

"மாட்ட வித்தானா?"

"ஆமா."

கண்ணாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கடன் இருக்கையில பொண்ணு கேட்டா, கடனுக்குப் பொண்ணக் கேட்டாகன்னு ஊரு சொல்லும்னுதான்டா நான் கெடு முடியட்டும்னு காத்துக் கெடந்தேன். அவனுக்கா அது தெரியாது? தெரிஞ்சும் உழுகுற மாட்ட வித்து வீசுறான்னா, ஒன் பணமும் வேணாம், ஒன் ஒறவும் வேணாம்னுதான அர்த்தம்?"

இப்போது சொல்லியிருக்கலாம். நான்தான் ஆத்தா போய்க் கேட்டேன், உன் பேரைச் சொல்லிக் கேட்டேன் என்று சொல்லியிருந்தால், அவள் விளக்குமாற்றால் நாலு சாத்துச் சாத்திவிட்டு, அந்த இருட்டிலேயே அண்ணன் வீட்டுக்கு நடந்திருப்பாள். நாலு அடியோடு போயிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பெரியண்ணன் ஒருமுறை வாயைத் திறந்து கெட்டான். அதற்குப் பிறகு மூடி வைத்தே கெட்டான். பரீட்சை முடிவு வரட்டும், பாஸான சந்தோஷத்தில் பக்குவமாகச் சொல்லலாம் என்று தனக்கே கெடு கொடுத்துக்கொண்டான்.

வைகாசியில் தட்டு போகவில்லை. அழைக்காத வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று கண்ணாத்தாள் இருந்துவிட்டாள். ஆனியில் சேதி வந்தது. செவந்தியை விராலிமலைப் பக்கம் ஒரு வாத்தியாருக்குப் பேசி முடித்தாயிற்று.

பத்திரிகை வைக்க மலையாண்டியே தாம்பாளத்தோடு வந்தார். பெரியண்ணன் அன்றைக்கு ஊரில் இருந்தான். கண்ணாத்தாள் உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

"தங்கச்சி, வந்து தாம்பூலத்த வாங்கிக்க ஆத்தா" என்று அவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"கடன அடச்சவுகளுக்கு இங்கிட்டு என்ன வேல?" உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

 மலையாண்டி திரும்பிப் பெரியண்ணனைப் பார்த்தார். அவசரப்படாமல், பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தார். பெரியண்ணன் தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தையும் மஞ்சள் தடவிய பத்திரிகையையும் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இனிச் சொல்லி என்ன, பெண்தான் போய்விட்டதே, ஆத்தா முகத்தில் எப்படி முழிப்பது என்று அங்கேயே நின்றுவிட்டது. அவர் தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு அந்த வீட்டில் இருந்து ஒருவரும் போகவில்லை.

பரீட்சையில் பெரியண்ணன் பாஸ். சட்டப் பேப்பரில் நல்ல மார்க். ஏஜெண்ட் பேங்கில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். மரியசெல்வம் பெயிலாகியும் இரண்டு லட்டுச் சாப்பிட்டான். பெரியண்ணனுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

வருஷங்கள் போயின. அவனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். நல்லவள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளம் உயர்ந்து, வெளியூர் பிராஞ்ச் ஒன்றுக்கு அவனே ஏஜெண்ட் ஆனான். கடன் கேட்டு வருகிறவர்கள் அவன் முன்னால் கைகட்டி நின்றார்கள். கெடு தாண்டவிருக்கிற நோட்டு என்று யாராவது எடுத்து வந்தால் மட்டும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமாஸ்தாவிடம் தள்ளிவிடுவான். பொங்கல்தோறும் மலையாண்டி தங்கச்சிக்குப் பொங்கச் சீர் அனுப்புவார். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு சேலை. கண்ணாத்தாள் கொண்டுவந்தவனுக்குச் சோறு போட்டு, சீரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவாள். அனுப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பெரியண்ணன் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான்.

அறுபத்து நாலு மாசியில் கண்ணாத்தாள் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தந்தி கிடைத்து அவன் வந்தபோது பேச்சு நின்றிருந்தது.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் பெண்பிள்ளையை எடுக்க மாட்டார்கள். வருவாரோ மாட்டாரோ என்று ஊரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலையாண்டி வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். கோடிச் சேலையைத் தலையில் சுமந்து நடந்தே வந்தார். பின்னால் செவந்தி, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. சேலையைத் தங்கச்சியின்மேல் போர்த்திவிட்டு, சத்தம் போட்டு அழாமல், பந்தலுக்குப் பின்னால் வைக்கோல் போரடியில் போய் நின்றுகொண்டார். பெரியண்ணன் அங்கே போனான்.

"மாமா, அன்னைக்குக் கெணத்தடியில நான் சொன்னது பொய்யிங்க. ஆத்தா என்னைய அனுப்பல."

"தெரியும்" என்றார் மலையாண்டி.

பெரியண்ணன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா ஒங்காத்தா தானே நடந்து வரும். ஆள் விடாது. நீ ஆமான்னு சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏன் மாமா கையெழுத்துப் போட்டீங்க?"

"வாங்குனது நெசந்தானப்பா. கேட்டபெறகு மாட்டேன்னா நான் என்ன மனுசன்? சின்னப்பய, படிச்ச மப்புல பேசுறான்னு விட்டுட்டேன். அதுக்காகப் பொண்ணக் குடுக்காம இருப்பனா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேங்க்குல வச்சு, நானே போயிக் குடுக்குறேன்னு சொன்னேன். அப்பவாச்சும், மாமா, ஆத்தாளுக்கு இது தெரியாதுன்னு சொல்லுவன்னு பாத்தேன். எங்கிட்டயே குடுங்கன்னுட்ட. அன்னைக்குச் சாயங்காலந்தான் வாத்தியாரு வீட்டுக்கு ஆள் விட்டேன்."

 இத்தனை வருஷமும் பெரியண்ணன் ஒரு கையெழுத்தினால் செவந்தியை இழந்ததாக நினைத்திருந்தான். கையெழுத்தையும் மாமன் மன்னித்துத்தான் வைத்திருந்திருக்கிறார்.

"ஆத்தாகிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா அதுக்கு ஒன் மொகத்துல முழிக்கப் பிடிக்காது. அதுக்குன்னு இருக்குறது நீ ஒருத்தன். என்னைய வைஞ்சுக்கிட்டாச்சும் ஒங்கூட நிம்மதியா இருக்கட்டும்னு இருந்துட்டேன்." அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "கடைசியிலயாச்சும் அதுகிட்டச் சொன்னியா?"

"இல்லைங்க மாமா."

பந்தலில் யாரோ நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள்.

"எடுக்கப் போறாக" என்றார் மலையாண்டி. "போ. போயிக் காதோட சொல்லு."

பெரியண்ணன் போனான். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், மகன் கடைசியாக அழ வருகிறான் என்று விலகி வழிவிட்டார்கள். மண்டி போட்டு உட்கார்ந்து, பாம்படம் கழற்றிய அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். ஆறு வருஷமாக அடைத்துக் கிடந்தது அழுகையோடு சேர்ந்து சத்தமாக வந்துவிட்டது.

"ஆத்தா, மாமா ஒன் ஒறவ அறுக்கல. நாந்தான் போயி நோட்டக் காட்டிக் கேட்டேன். நீ சொல்லி விட்டதாச் சொல்லிக் கேட்டேன்."

ஒப்பாரி நின்றுவிட்டது. கூட்டத்தின் நடுவில் இருந்து செவந்தி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அதுவரைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.